ஏரிக்கரையில் குப்பை பொறுக்கப் போகிறீர்களா? முதலில் வண்டியைப் பேசி முடியுங்கள்

கேள்வி: எங்கள் ஊரின் ஓரத்தில் ஓர் ஏரி இருக்கிறது. கரை நெடுக பிளாஸ்டிக், பாட்டில், பழைய துணி. தெருக்காரர்கள் 15 பேர் சேர்ந்து ஒரு விடுமுறை நாள் காலையில் இறங்கிச் சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பொறுக்கியதை என்ன செய்வது?

பதில்:

பொறுக்கியதை என்ன செய்வது என்பதைக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆர்வத்தோடு இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். காலை முழுக்கப் பொறுக்கி, மூட்டை கட்டி, கரையோரம் அடுக்கி, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வண்டி வராது. அன்று இரவே நாய்கள் மூட்டையைக் கிழிக்கும். இரும்பு, பாட்டில் தேடி வருபவர்கள் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பார்கள். இரண்டு நாளில் யாராவது தீ வைத்துவிடுவார்கள். பரவிக் கிடந்த குப்பை ஒரே இடத்தில் குவிந்ததுதான் மிச்சமாகும். குவியலைப் பார்த்தவர்கள் இதுதான் கொட்டுகிற இடம் என்று எடுத்துக்கொண்டு தாங்களும் கொட்டத் தொடங்குவார்கள். எனவே மூட்டைகள் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, எங்கே போகப்போகின்றன என்பது உறுதியாகும் வரை ஒரு ஜோடி கையுறைகூட வாங்காதீர்கள்.

ஏரி ஒருவர் பொறுப்பு, குப்பை இன்னொருவர் பொறுப்பு. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு (சுமார் 100 ஏக்கர்) மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். நகரம் விரிந்து ஆயக்கட்டே காணாமல் போன ஏரிகள் சிலவற்றை நகராட்சியோ மாநகராட்சியோ பராமரிக்கும். குப்பையை எடுத்துச் செல்வது எப்போதும் உள்ளாட்சியின் வேலை. ஆகவே கடிதம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஏரியின் பொறுப்பில் உள்ள உதவிப் பொறியாளருக்குத் தகவலாக ஒன்று, நகராட்சி ஆணையருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ கோரிக்கையாக ஒன்று. இரண்டாவது கடிதத்தின் நகலைச் சுகாதார ஆய்வாளரிடம் நேரில் கொடுங்கள், ஏனென்றால் நகரங்களில் வண்டியை அனுப்புவது அவர்தான். கடிதம் ஒரு பக்கம் போதும்: தேதி, நேரம், கரையின் எந்தப் பகுதி (நீர் திறக்கும் மதகிலிருந்து உபரி நீர் வழியும் கலங்கல் வரை என்பதுபோல), எத்தனை பேர், எத்தனை மூட்டை வரும், வண்டி எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத கடிதத்துக்கு 'வாழ்த்துகள், செய்யுங்கள்' என்ற பதில்தான் கிடைக்கும். வார்டு மேற்பார்வையாளரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, முந்தைய நாள் மாலை ஒருமுறை கூப்பிட்டு நினைவுபடுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியும் ஆளும் குறைவாக ஓடும் ஊர் என்றால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை மூட்டை வரும் என்று எழுத ஒரு கணக்கு வேண்டும். ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் போய்க் கரையை நடந்து பாருங்கள். பழக்கமில்லாத ஒருவர், முள்ளும் மண்ணும் கலந்த கரையில், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சாக்குதான் நிரப்புவார். 15 பேரில் பொறுக்குபவர்கள் 12 பேர் என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் 20 முதல் 25 சாக்கு வரும். தளர்வாக நிரம்பிய ஒரு சாக்கு உலர்ந்த பிளாஸ்டிக் 5 முதல் 7 கிலோ இருக்கும். ஆக மொத்தம் 100 முதல் 175 கிலோ. ஒரு குட்டியானை வண்டிக்கு இந்த எடை பெரிதில்லை, ஆனால் இடம் தட்டும். கயிறு போட்டு உயர அடுக்கினால்தான் 25 மூட்டை ஏறும். முதல் தடவை 100 முதல் 150 மீட்டர் நீளத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். நூறு மீட்டர் முழுசாகச் சுத்தமானால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினால், நீங்கள் வந்து போனதே யாருக்கும் தெரியாது.

பார்த்து வரும்போதே உங்களால் முடியாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டட இடிபாடு, இளநீர்க் கூடு மலை, கோழிக்கடைக் கழிவு மூட்டை, செத்த விலங்கு, மனிதக் கழிவு கிடக்கும் இடம், கழிவுநீர் கலக்கும் வாய் ஆகிய எதிலும் தன்னார்வலர் கை வைக்கக் கூடாது. படம் எடுத்து, இடம் குறித்து, அதே கடிதத்தில் உள்ளாட்சியிடம் தனியாகக் கேளுங்கள். இடிபாட்டுக்கு ஜே.சி.பி. வேண்டும். 15 பேர் இரும்புச் சட்டியில் அள்ளி முதுகை ஒடித்துக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

இனி சாமான்கள். கையுறையில் சிக்கனம் வேண்டாம். மருந்துக் கடையில் நூறாக விற்கும் மெல்லிய ரப்பர் உறை முதல் முள்ளிலேயே கிழியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், உள்ளங்கையில் ரப்பர் பூச்சு போட்ட நூல் கையுறைதான் சரி. புறங்கையில் காற்றோட்டம் இருக்கும், ஈரமான பாட்டில் வழுக்காது, துவைத்து மறுபடி போடலாம். அளவு முக்கியம். எல்லோருக்கும் பெரிய அளவை வாங்கிவிட்டால் சிறிய கைக்காரர்களுக்கு விரல் நுனி தொங்கி, எதையும் பிடிக்க வராமல், அரை மணியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் பொறுக்குவார்கள். ஊசியும் கூரான கண்ணாடியும் இந்தக் கையுறையையும் தாண்டும் என்பதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காலுக்குச் செருப்பு கூடவே கூடாது. கரையில் சீமைக் கருவேலம் இருந்தால் அதன் காய்ந்த முள், ரப்பர் செருப்பைத் துளைத்து நேராகப் பாதத்தில் ஏறும், மெல்லிய ஷூ அடியையும் துளைக்கும். கனத்த அடி உள்ள ஷூ அல்லது வயல் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். முழுக்கை, முழுக்கால் சட்டை. பார்த்தீனியம் மண்டிய இடமென்றால் தோல் அரிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களைக் கணக்கெழுதும் வேலைக்கு வையுங்கள்.

இணையத்தில் விற்கும் கைப்பிடி வைத்த குப்பை பொறுக்கிகள் பார்க்க நன்றாக இருக்கும். மலிவானவற்றில் உள்ளே ஓடும் கம்பியோ நூலோ சில நாளிலேயே அறும், மண்ணில் பாதி புதைந்ததை இழுத்தால் நுனி வளையும். ஐந்தாறு போதும், முதுகு வளையாதவர்களுக்குக் கொடுங்கள். வேலியிலும் முட்புதரிலும் சிக்கியதை எடுக்க, பட்டறையில் சொல்லிச் செய்த இரண்டடி இரும்பு இடுக்கி பல ஆண்டு உழைக்கும். இரண்டு மண்வெட்டி, நாலு பல்வாரி, ஒரு அரிவாள், பத்தடி மூங்கிலில் கொக்கி கட்டியது ஒன்று. முறம் இரண்டு கட்டாயம் வேண்டும். பால் கவர் வெட்டிய முனைத் துண்டு, ஷாம்பூ பாக்கெட், பாட்டில் மூடி போன்ற பொடிகளைத் தனித்தனியாகப் பொறுக்கினால் விடிந்துவிடும். துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளி, இரண்டு தடவை புடைத்தால் லேசான பிளாஸ்டிக் முன்விளிம்புக்கு வரும், கனமான மண் பின்னால் தங்கும்.

கறுப்புக் குப்பைப் பை வாங்காதீர்கள். முள் பட்டதும் கிழியும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, சுத்தம் செய்யப் போன இடத்தில் புதிதாக 30 பிளாஸ்டிக் பை சேரும். அரிசிக் கடையிலும் ஓட்டலிலும் கிடைக்கும் பழைய பிளாஸ்டிக் சாக்குகள் போதும். எதிர்பார்க்கும் மூட்டைக் கணக்கைப்போல மூன்று மடங்கு சேகரித்து வையுங்கள். சிமென்ட் சாக்கு வேண்டாம், ஒட்டியிருக்கும் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த சாக்கும் வேண்டாம். அது கையில் எடுத்ததும் நார் நாராக உதிரும், அந்த நாரைப் பொறுக்குவதைப்போலக் கடினமான வேலை கரையில் வேறில்லை. ஏற்கெனவே அங்கே அப்படி நைந்த சாக்கு கிடந்தால் நுனியைப் பிடித்து இழுக்காமல், அடியில் மண்வெட்டியை நுழைத்து மண்ணோடு தூக்கி முறத்தில் போடுங்கள்.

சாக்கின் வாய் மூடிக்கொண்டே இருப்பதுதான் வேலையைத் தாமதமாக்கும் பெரிய தொல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு, சுற்றிலும் அறுத்துவிடுங்கள். அடியில்லாத வளையம் கிடைக்கும், அதற்கு வாளியின் கைப்பிடியும் இருக்கும். அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். சாக்குக்குள் இந்த வளையத்தை இறக்கி, சாக்கின் வாயை விளிம்புக்கு வெளியே மடித்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கினால் வாய் திறந்தபடி நிற்கும். நிரம்பியதும் வளையத்தை உருவி அடுத்த சாக்கில் போட்டுக்கொள்ளலாம். ஆறு ஜோடிக்கு ஆறு வளையம். அறுத்த மிச்ச அடிப்பாகம் உடைந்த கண்ணாடி போட உதவும். கண்ணாடி ஒருபோதும் சாக்கில் போகக் கூடாது. தூக்குபவரின் தொடையைக் கிழிக்கும், வண்டியில் பிரிப்பவரின் கையைக் கிழிக்கும்.

நேரம் காலை ஆறரை முதல் எட்டரை. ஏப்ரல், மே மாதங்களில் எட்டரைக்கு மேல் நிற்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே வரட்டும். சுத்தம் செய்யப் போகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் பெட்டியும் பேப்பர் கப் டீயும் வாங்கித் தருவது பல இடங்களில் நடக்கிறது, தயவுசெய்து அது வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் 15 கொண்டுபோனால் முடிந்தது.

வேலையை ஜோடியாகப் பிரியுங்கள். ஒருவர் சாக்கு பிடிப்பார், ஒருவர் பொறுக்குவார், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஆறு ஜோடியும் கரையின் மேட்டிலிருந்து சரிவின் அடி வரை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நின்று ஒரே திசையில் நகர வேண்டும். வண்டி நிற்கும் இடத்துக்கு எதிர் முனையில் தொடங்கி வண்டியை நோக்கி வாருங்கள். இதை மாற்றிச் செய்தால், களைத்துப்போன நேரத்தில் நிரம்பிய மூட்டைகளை முழு நீளத்துக்கும் சுமந்து திரும்ப வேண்டியிருக்கும். சாக்கை முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள், கட்ட வாய் வேண்டும். மீதி மூன்று பேரில் ஒருவர் கணக்கு எழுதுவார், ஒருவர் பிரிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் கையில் எதுவும் எடுக்காமல் எல்லோரையும் கவனிப்பார். அந்தக் கடைசி ஆள் வீண் என்று தோன்றும். நீருக்கு அருகில் யார் போகிறார்கள், யாருக்கு மயக்கம் வருகிறது, வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க அவர் கட்டாயம் வேண்டும்.

நீரில் இறங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம், நீச்சல் தெரிந்தவருக்கும் கிடையாது. வண்டல் அள்ளிய குழிகள் ஏரிக்குள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆள் மட்டமாகும். கொக்கிக் கம்புக்கு எட்டுவதை மட்டும் இழுங்கள். கோரையும் சம்பும் அடர்ந்த நீரோரத்தில் நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டும். பறவை கத்திக்கொண்டே சுற்றினால் அந்த இடத்தை விட்டு விலகி வாருங்கள். கரைக்குள் பாதி புதைந்த பையைக் கடப்பாரை போட்டுத் தோண்டாதீர்கள். கரையின் மண் இளகினால் அடுத்த மழையில் அரிக்கும். மண் மட்டத்தில் அரிவாளால் அறுத்து மேலே தெரிவதை மட்டும் எடுங்கள். கரையோரம் சுருட்டி வைத்திருக்கும் மீன் வலை குப்பை அல்ல, அதற்குச் சொந்தக்காரர் இருப்பார். அறுந்து புதரில் தொங்கும் நைலான் நூலையும் பட்ட நூலையும் எடுக்கத்தான் வேண்டும், பறவைக் கால்கள் அதில்தான் மாட்டுகின்றன. எடுத்ததை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டிவிட்டுச் சாக்கில் போடுங்கள்.

எந்தப் பொருளையும் முதலில் குச்சியால் தட்டிப் புரட்டுங்கள். தரையில் கிடக்கும் சாக்கு, தகரம், பலகை, டயர் எதுவானாலும் உங்கள் பக்க விளிம்பைத் தூக்காமல், எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டினால், அடியில் இருக்கும் பாம்போ தேளோ அந்தப் பக்கம் ஓடும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து, பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முந்தைய நாளே விசாரித்து வையுங்கள். நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி. ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பு நீரில் கழுவி உடனே அரசு மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காலில் திறந்த புண் உள்ளவர்கள் தேங்கிய நீர், சேறு உள்ள பக்கம் போக வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று எல்லோரும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் கணக்கெழுதும் இடத்தில் உட்காரவையுங்கள், கரைச்சரிவுக்கு விடாதீர்கள்.

இப்போது பிரிப்பது. பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை நிழலில் விரித்து, சாக்குகளை அதில் கொட்டிப் பிரியுங்கள். பொறுக்கும்போதே பிரிக்கச் சொன்னால் ஆளுக்கு நாலு சாக்கு தூக்க வேண்டிவரும், யாரும் செய்ய மாட்டார்கள்.

காயலான் கடை எடுப்பது ஒரு குவியல்: பெட் பாட்டில், கனத்த பிளாஸ்டிக், இரும்பு, அலுமினிய டின், உலர்ந்த அட்டை, உடையாத கண்ணாடிப் பாட்டில். பாட்டிலின் மூடியைத் திறந்து நீரைக் கொட்டி, மிதித்துத் தட்டையாக்கி, மூடியைத் திரும்பப் போடுங்கள். மஞ்சளாக ஏதோ நிரம்பிய பாட்டில் சாலையோரக் கரையில் நிறையக் கிடைக்கும். அது சிறுநீர், திறக்காமல் அப்படியே கழிவுக் குவியலுக்குப் போகட்டும். அந்தப் பகுதியில் பாட்டிலும் இரும்பும் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருந்தால், இந்தக் குவியல் அவர்களுக்கு உரியது. நீங்கள் விற்று வரும் இருநூறு முந்நூறு ரூபாயைவிட அது அவர்களுடைய ஒருநாள் வருமானம் என்பது பெரிது. முன்பே சொல்லிவைத்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

மதுப் பாட்டிலுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டு விலங்குகளின் காலைக் கிழித்த உடைந்த பாட்டில்கள்தான் அதற்குக் காரணம். உங்கள் மாவட்டத்தில் நடப்பில் இருந்தால், ஸ்டிக்கர் கிழியாத முழுப் பாட்டிலைத் தனியாக எடுத்து வையுங்கள். 60 பாட்டில் என்றால் 600 ரூபாய், அடுத்த தடவைக்கான கையுறைச் செலவில் ஒரு பங்கு தேறும்.

எந்தக் கடையும் எடுக்காதது இரண்டாவது குவியல், உங்கள் மூட்டைகளில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும். பிஸ்கட், சிப்ஸ் உறைகள், பேப்பர் கப், தெர்மாகோல், மண் படிந்த கேரி பேக். சிப்ஸ் உறையைக் கைக்குள் கசக்கிவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். சாக்லெட் சுற்றிவரும் அலுமினியத் தாள் கசங்கியபடியே கிடக்கும். இது மெல்ல விரிந்து பழைய வடிவத்துக்கு வரும். உள்ளே வெள்ளியாக மின்னுவது பிளாஸ்டிக் மேல் பூசிய மிக மெல்லிய உலோகப் பூச்சு. இரண்டையும் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்கு ஆகாது. பேப்பர் கப்பும் அப்படித்தான், உள்பக்கத்தை நகத்தால் கீறினால் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரியும். அதனால் அது காகிதமும் ஆகாது, மண்ணிலும் மக்காது. இப்படிப்பட்டதை உள்ளாட்சி அமைப்புகள் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன, தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் அத்தகைய ஆலைகள் இருக்கின்றன. ஈரமும் மண்ணும் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள். ஆகவே மழை பெய்த மறுநாள் பொறுக்கப் போகாதீர்கள். இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் போனால் மூட்டையின் எடையும் பாதியாகும்.

நாப்கின், டயாபர் இடுக்கியால் எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுத் தனிச் சாக்கில். ஊசி, மருந்துக் குப்பி, பேட்டரி, பூச்சிமருந்து டப்பா ஆகியவை மூடி திருகும் கனத்த பிளாஸ்டிக் கேனில், மேலே எழுதி, சுகாதார ஆய்வாளரிடம் கையோடு கொடுக்க வேண்டும். ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த சட்டி முதலியவற்றில் நீர் தேங்கியிருந்தால் உலர்ந்த தரையில் கவிழ்த்து, உள்சுவரைத் துடைப்பத்தால் தேய்த்துவிட்டு எடுங்கள். டெங்கு கொசுவின் முட்டை அந்தச் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாமல் இருந்து, அடுத்த நீர் பட்டதும் பொரிக்கும். காய்ந்த சருகு, குச்சி, பாசி எதையும் அள்ள வேண்டாம். அது கரைக்கே உரியது. எதையும் எரிக்க வேண்டாம், குழி தோண்டிப் புதைக்கவும் வேண்டாம்.

முதல் நாள் இப்படி முடியும். அடுத்த வாரமே பாதிக் குப்பை திரும்ப வந்திருக்கும். மனம் உடைந்து குழு கலைவது அந்த நாளில்தான். அது வரும் என்று முன்பே தெரிந்து, கணக்கெழுதும் ஆளை வைத்திருந்தால், அந்த நாள்தான் உங்களுக்கு மிகப் பயனுள்ள நாள். குப்பையை எண்ணிப் பதிவது புதிய யோசனை அல்ல. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தன்னார்வலர்கள் பொறுக்கியதை வகைவாரியாக எண்ணி அட்டையில் குறித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டிப் பல நாடுகளில் நடக்கும் கடற்கரைச் சுத்தம். உங்களுக்கு அத்தனை நீண்ட பட்டியல் தேவையில்லை. ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வகை, ஒவ்வொன்றுக்கும் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிக்கும் கணக்கு. கரையில் 20 மீட்டர் தூரத்தை இரண்டு கல்லில் சுண்ணாம்பு அடித்துக் குறித்து, எப்போதும் அதே இடத்தில் எண்ணுங்கள்.

எண்ணினால் யார் போடுகிறார்கள் என்று குப்பையே சொல்லும். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், மிக்சர் உறை, குவார்ட்டர் பாட்டில் சேர்ந்து கிடந்தால் மாலையில் குடிக்க வருபவர்கள். இதில் பாக்கெட்டும் டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. எனவே அவற்றை விற்கும் கடை எது என்று பார்த்துச் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். வாழை இலை, பேப்பர் கப், 300 மில்லி தண்ணீர் பாட்டில் நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் வந்திருந்தால் அது கல்யாண மண்டபமோ அன்னதானமோ. அந்தத் தேதியில் எங்கே விசேஷம் என்று தெருவில் கேட்டாலே தெரியும், மண்டபப் பொறுப்பாளரிடம் நேராகப் பேசுங்கள். இறுக முடிச்சுப் போட்ட சின்ன கேரி பேக், உள்ளே காய்கறித் தோலும் சாம்பார் சாதமும் என்றால் அது வீட்டுக் குப்பை. அக்கறையில்லாதவர்கள் என்று திட்டுவதற்கு முன், குப்பை வண்டி அந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு வரும் வண்டி, ஏழரைக்கே வேலைக்குப் போய்விடும் வீட்டுக்குப் பயன்படாது. அவர்கள் பைக்கில் போகிற வழியில் வீசிவிட்டுப் போகிறார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி வாங்கினால் பத்து முறை பொறுக்குவதைவிட அதிகம் குறையும். அந்த வார்டின் தூய்மைப் பணியாளர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். வேலை முடியும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று, அக்கா, அண்ணே என்று மரியாதையாகக் கேளுங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே கொட்டுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

சுவரில் சாமி படம் வரைவதும் கோலம் போடுவதும் பலர் செய்வது. கொட்டும் இடம் இருபதடி தள்ளிப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பைக்கை நிறுத்த முடியாதபடி பாறாங்கல் போடுவதும், இருட்டான வளைவில் ஒரு தெருவிளக்கு கேட்டு வாங்குவதும் அதைவிட நன்றாக வேலை செய்யும். கரையில் மரம் நடுவதை உதவிப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள், பெரிய வேர் கரையைப் பிளக்கும்.

முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும். ஆண்டில் ஒரு தடவை மட்டும்தான் முடியும் என்றால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள், கரையை விட்டுவிட்டு வரத்துக்கால்வாயைப் பிடியுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் கால்வாயில் கிடக்கும் அத்தனையையும் அடித்துக்கொண்டுபோய் ஏரிக்குள் தள்ளிவிடும். நீருக்குள் போனதை மீட்க உங்களால் முடியாது.

நாலு தடவை எண்ணியும் ஏதோ ஒரு வகை குறையவே இல்லை என்றால், அந்த இடத்தில் பொறுக்குவதை நிறுத்திவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நேரம் அது. கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். நகரம் என்றால் வார்டு கவுன்சிலரும் ஆணையரும். நாலு தேதியின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, கோரிக்கையை ஒன்றே ஒன்றாக வையுங்கள்: வண்டி ஏழு மணிக்கு வர வேண்டும், அல்லது கலங்கல் அருகே விளக்கு வேண்டும், அல்லது இன்ன கடையில் சோதனை வேண்டும். ஐந்து கோரிக்கை வைத்தால் ஐந்தும் பரிசீலனையில் இருக்கும். தீர்மானம் போட்டார்களென்றால் நகல் கேட்டு வாங்கி, எண்ணிக்கைத் தாளோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அதே இருபது மீட்டரை மறுபடி எண்ணுங்கள்.